வெட்கம் ஈமானில் உள்ளது. வியாதியை மறைப்பது அதில் இல்லை

 



இம்முறை நாம் எழுத எடுத்துக்கொண்ட விஷயம், நம்மவர் யாரும் நான்கு பேர் மத்தியில் வாய்திறந்து பேசாத விஷயம். ஆண்களுக்கு இடுப்புக்கு அடியில் வரும் உபாதைகளைப் பற்றியும், அவற்றுக்குப் பிசியோதெரபி என்னும் பயிற்சி வைத்தியத்தால் கிடைக்கும் நிவாரணத்தைப் பற்றியும் பேசப் போகிறோம். "ஜமாஅத்துக்காரர்கள் படிக்கும் ஏட்டில் இதுவா?" என்று முகம் சுளிப்போர் இருக்கலாம். அவர்கள் கடைசிவரை படித்துவிட்டுப் பிறகு சுளிக்கட்டும். ஏனெனில் இந்த உபாதை மூத்திரப்பையோடு நின்றுவிடுவதில்லை. அது ஒளுவைத் தொடுகிறது, தொழுகையைத் தொடுகிறது, மனைவியின் ஹக்கைத் தொடுகிறது, முடிவில் நம் கல்லாப்பெட்டியின் ஹலாலையும் தொடுகிறது.

நாம் ஆலிம் அல்ல, வைத்தியரும் அல்ல. மதரஸாவில் ஓதியதும், ஆரம்பப் பள்ளியில் படித்ததும், கடையில் நின்று கண்டதும் கேட்டதுமே நம் முதல். ஆலிம்களிடமும் வைத்தியர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதை, ஒரு கடைக்காரர் இன்னொரு கடைக்காரருக்குச் சொல்லும் முறையில் சொல்கிறோம்.

ஹயா என்னும் வெட்கம் ஈமானின் ஒரு கிளை என்று நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். அதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. ஆனால் ஹயாவின் வேலை என்ன? பாவத்தின் பக்கம் போகாமல் நம்மைத் தடுப்பது. ஆலிமின் பக்கமும் வைத்தியரின் பக்கமும் போகாமல் தடுக்கிறதே ஒன்று, அதற்கு ஹயா என்று பெயரில்லை. அது வெட்கத்தின் சட்டையைப் போட்டுக்கொண்ட பயம். கடையில் எண்ணெய் டின் ஒழுகினால் நாம் என்ன செய்கிறோம்? சாக்கைப் போட்டு மூடிவிட்டுச் சும்மா இருப்போமா? எங்கே ஓட்டை என்று புரட்டிப் பார்க்கிறோம்; ஈயம் வைக்கிறவனைக் கூப்பிடுகிறோம். பத்து வெள்ளி டின்னுக்குச் செய்வதை, அல்லாஹ் அமானிதமாகக் கொடுத்த தேகத்துக்குச் செய்ய மறுப்பது எந்தக் கணக்கில் சேரும்?

ஸஹாபாப் பெருமக்களைப் பார்ப்போம். ஹழ்ரத் அலீ (ரலி) அவர்களுக்கு மதீ என்னும் கசிவு அதிகமாக இருந்தது. ஒவ்வொரு முறையும் குளித்துக் குளித்து, குளிரில் முதுகு வெடிக்கும் அளவுக்குத் துன்பப்பட்டார்கள் என்று அபூதாவூதில் வருகிறது. நாயகத்திடம் கேட்க வெட்கம். காரணம், நாயகத்தின் மகளார் பாத்திமா (ரலி) அவர்கள்தாம் அலீயின் மனைவி. மாமனாரிடம் இதை எப்படிக் கேட்பது? அதற்காக மறைத்துவைத்துக்கொண்டு இருந்துவிட்டார்களா? இல்லை. மிக்தாத் (ரலி) அவர்களை அனுப்பிக் கேட்கச் செய்தார்கள். குளிக்கத் தேவையில்லை, கழுவிவிட்டு ஒளுச் செய்தால் போதும் என்று விடை வந்தது. வெட்கமும் காப்பாற்றப்பட்டது, காரியமும் நடந்தது. நேரே கேட்க நா எழாவிட்டால் ஆள் அனுப்பியாவது கேள் என்பதே இதில் நமக்குள்ள பாடம்.

இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு மூல வியாதி இருந்தது. அவர்கள் நேரே நாயகத்திடம் போய்த் தொழுகையைப் பற்றிக் கேட்டார்கள். நின்று தொழ வேண்டும், முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் பக்கவாட்டில் படுத்து என்று விடை கிடைத்தது. இது ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. இன்று நோயாளிகள் நாற்காலியில் அமர்ந்து தொழுவதற்கு ஆதாரமாக எடுத்துக்காட்டப்படும் பெரிய சட்டம், ஒருவர் தம் மூல வியாதியை மறைக்காமல் வெளியே சொன்னதால் உம்மத்துக்குக் கிடைத்தது. அவர் வெட்கப்பட்டு வாய் மூடியிருந்தால்?

அவர்களுக்குப் பின்னால் வந்த முஸ்லிம் வைத்தியர்களும் இதில் கூச்சப்படவில்லை. 1037-ல் காலமான இப்னு ஸீனா தம் கானூன் நூலில் மூத்திரப்பையின் நோய்களுக்கும் ஆணுறுப்பின் நோய்களுக்கும் தனித்தனிப் பகுதிகள் ஒதுக்கினார். குர்துபா நாட்டு அஸ்ஸஹ்ராவீ மூத்திரப்பைக் கல்லை எடுக்கும் முறையை எழுதி, கருவிகளுக்குப் படமும் வரைந்து வைத்தார். பேசாமல் இருப்பது நம் மூதாதையரின் வழக்கமல்ல. பின்னால் நாமே பழகிக்கொண்டது.

நம் வியாபாரிகளின் தேகத்துக்கு வருவோம். விடியற்காலை கடை திறந்தால் இரவு வரை நின்றே இருக்கிறோம். வாடிக்கைக்காரர் நெருக்கும்போது மூத்திரம் முட்டினாலும் அடக்குகிறோம். ஒரு மணிக்கு ஒரு கிளாஸ் தே தாரேக் குடிக்கிறோம். தேயிலை மூத்திரப்பையை உசுப்பிவிடும் சாமான். தண்ணீர் குடிப்பதோ குறைவு. அதனால் மலச்சிக்கல், அதனால் முக்கல். அரிசி மூட்டையை மூச்சுப்பிடித்துத் தூக்குகிறோம். சிகரெட் குடிப்பவருக்கு இருமல் வேறு. முக்குவது, மூச்சடக்கித் தூக்குவது, ஓயாமல் இருமுவது எல்லாம் வயிற்றின் பாரத்தைக் கீழ்த்தசையின் மேல் அழுத்துகின்றன. இவற்றோடு சர்க்கரை வியாதி. 2019-ல் அரசாங்கம் எடுத்த தேசிய சுகாதாரக் கணக்கில், இந்நாட்டுப் பெரியவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்குச் சர்க்கரை இருந்தது; இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்தாம் முதலிடம். 2023-ன் கணக்கில் மொத்த விகிதம் 15.6 என்று குறைந்திருக்கிறது. குறைந்தது சந்தோஷம், ஆனால் சர்க்கரை முற்றினால் நரம்பையும் இரத்தக் குழாயையும் கெடுத்து, மூத்திரப்பையின் வேலையையும் ஆண்மையையும் பாதிக்கும் என்பதை மறக்கக் கூடாது.

ஆண்களின் உபாதைகளை நான்காகச் சொல்லலாம். முதலாவது, ஒழுக்கு. இருமும்போதும் எழும்போதும் மூட்டை தூக்கும்போதும் சொட்டுவது; புரோஸ்டேட் சுரப்பி ஆபரேஷனுக்குப் பிறகு இது அதிகம். இரண்டாவது, மூத்திரம் போய்விட்டு உடுத்தி நடந்த பிறகு சில சொட்டு வருவது. மூன்றாவது, ஆண்குறிக்கும் ஆசனவாய்க்கும் இடையே மாதக்கணக்கில் வலியும் எரிச்சலும் இருப்பது. பரிசோதித்தால் கிருமி எதுவும் தென்படாது. நான்காவது, தாம்பத்தியத்தில் பலக்குறைவு.

இவற்றில் முதல் உபாதை ஒரு மனிதரை என்ன செய்கிறது என்று கேளுங்கள். நமக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர். ஊரும் பேரும் வேண்டாம். முப்பது வருஷமாக முதல் ஸஃப்பில் நின்றவர். புரோஸ்டேட் ஆபரேஷன் ஆனது. நலமாக வீடு திரும்பினார். ஆனால் பள்ளிவாசலுக்கு வருவது நின்றது. கேட்டால் ஒரு நாள் கால் வலி என்பார். ஒரு நாள் வெயில் என்பார். ஜும்ஆவுக்கும் வரவில்லை. ஒரு நாள் கடைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டோம்.

"மாமு, எங்ககிட்ட சொல்றதுக்கு என்ன? உங்க புள்ள மாதிரிதானே?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "ருகூவுக்குக் குனிஞ்சா சொட்டுது தம்பி. எந்திரிச்சா சொட்டுது. பள்ளிவாசல் பாயில ஒரு சொட்டு விழுந்தா அல்லாஹ்கிட்ட யாரு பதில் சொல்றது? அதான் வீட்டுலயே இருந்துக்கிட்டேன். சில நாளு வீட்டுலயும் தொழல."

சகோதரர்களே, ஒரு தசை தளர்ந்தது. அதனால் ஒரு முஃமின் தொழுகையை விட்டார். அவரைக் குறை சொல்ல நமக்கு அருகதை இல்லை. அவருக்கு இரண்டு விஷயத்தை யாரும் சொல்லவில்லை. ஒன்று, மார்க்கத்தில் அவருக்குச் சலுகை உண்டு என்பது. மற்றொன்று, அந்த ஒழுக்குக்கு வைத்தியம் உண்டு என்பது.

முதலில் சலுகை. பாத்திமா பின்த் அபீஹுபைஷ் என்ற பெண்மணி, நிற்காத உதிரப்போக்கால் தொழுகையை விட்டுவிடலாமா என்று நாயகத்திடம் வந்து கேட்டார்கள். விட வேண்டாம் என்றே விடை கிடைத்தது. இதை அடிப்படையாக வைத்து, மூத்திரம் சொட்டிக்கொண்டே இருப்பவருக்கும் இமாம்கள் சட்டம் வகுத்திருக்கிறார்கள். கழுவிச் சுத்தம் செய்து, துணியோ பஞ்சோ வைத்துக் கட்டிக்கொண்டு, வக்து வந்த பிறகு ஒளுச் செய்து, வீண் தாமதமின்றித் தொழ வேண்டும். அதன் பிறகு தன்னை மீறிச் சொட்டினாலும் தொழுகை கூடும். ஷாபிஈ மத்ஹபில் ஒவ்வொரு பர்ளுக்கும் தனி ஒளு. ஹனபீ மத்ஹபில் ஒவ்வொரு வக்துக்கும் ஒரு ஒளு. ஆனால் ஒரு வக்து முழுவதிலும் ஒளுச் செய்து தொழும் அளவுக்குக்கூட இடைவெளி கிடைக்காமல் இருந்தால்தான் முதலில் அவர் உத்ருக்காரர் ஆவார். எப்போதோ ஒரு சொட்டு வருபவர் இந்தக் கணக்கில் சேரமாட்டார். ஆகவே நம் நிலை எது என்பதை ஹஜ்ரத்திடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். பள்ளிவாசல் அசுத்தமாகாது என்ற பாதுகாப்பு இருந்தால் உள்ளே வரத் தடையில்லை. இன்று ஆண்களுக்கென்றே உறிஞ்சும் பட்டைகள் மருந்துக் கடையில் கிடைக்கின்றன.

ஆனால் சலுகை இருக்கிறதே என்று வைத்தியத்தைக் கைவிடலாமா? தயம்மும் உண்டு என்பதற்காகக் கிணறு தோண்டாமல் இருப்பார் உண்டோ? நோய்க்கு மருந்து தேடும்படி நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். நம் தேகத்துக்கும் நம் மீது ஹக்கு உண்டு என்று கற்பித்திருக்கிறார்கள்.

இனி வைத்தியம். முன்பக்கம் அடிவயிற்று எலும்பிலிருந்து பின்பக்கம் வால் எலும்பு வரையில், ஏணைத்துணி கட்டியதுபோல ஒரு தசைக் கூட்டம் இருக்கிறது. மூத்திரப்பையையும் மலக்குடலையும் தாங்குவது இதுவே. வாசலை மூடித் திறப்பதிலும் இதற்குப் பங்குண்டு. ஆண்களுக்கு மூத்திரப் பாதையைச் சுற்றி ஏற்கெனவே இரண்டு காவல் இருக்கிறது. புரோஸ்டேட் சுரப்பியை எடுக்கும்போது மேல் காவல் பாதிக்கப்படும். அப்போது முழுப் பாரமும் கீழ்க் காவலின் மேல் விழுகிறது. அந்தக் கீழ்க் காவலைப் பலப்படுத்துவதே பயிற்சியின் நோக்கம்.

இந்தத் தசை எது என்று நம்மவருக்குப் புரியவைப்பது எளிது. ஜமாஅத்தில் நிற்கிறோம்; வாயு பிரியப் பார்க்கிறது. ஒளு முறிந்துவிடுமே என்று உள்ளுக்குள் இறுக்கி மேலே இழுத்துக்கொள்கிறோம் அல்லவா? அந்தத் தசைதான். (அவசரம் முட்டும்போது அடக்கிக்கொண்டு தொழக்கூடாது, போய்விட்டு வந்தே தொழ வேண்டும் என்பது வேறு மஸ்அலா. அதையும் நினைவில் வையுங்கள்.)

பயிற்சி பொதுவாக இவ்வாறு கற்பிக்கப்படுகிறது. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ள வேண்டும். வாயுவை அடக்குவது போலவும், மூத்திர ஓட்டத்தைப் பாதியில் நிறுத்துவது போலவும் உள்ளே இறுக்க வேண்டும். சரியாகச் செய்தால் ஆண்குறியின் அடி சற்று உள்வாங்கும். விதைப்பை சற்று மேலேறும். புட்டத்தையும் தொடையையும் இறுக்கக் கூடாது. மூச்சை அடக்கக் கூடாது. முடிந்த அளவு, அதிகம் போனால் 10 விநாடி, பிடித்திருந்து பிறகு முழுவதும் தளர்த்த வேண்டும். இறுக்கிய நேரம் தளர்த்தியும் இருக்க வேண்டும். இப்படி 10 முறை. பிறகு சட்டுச் சட்டென்று சில முறை. நாளுக்கு மூன்று வேளை. பஜ்ரு, அஸர், இஷாவுக்குப் பிறகு என்று வைத்துக்கொண்டால் மறக்காது. படுத்துப் பழகியபின் உட்கார்ந்தும் நின்றும் செய்யலாம். மூட்டையைத் தூக்குமுன், இருமுமுன், நாற்காலியிலிருந்து எழுமுன் ஒரு முறை இறுக்கிக்கொள்ளப் பழக வேண்டும். மூத்திரம் போகும்போதே நிறுத்தி நிறுத்திப் பழகுவது மட்டும் கூடாது; அது மூத்திரப்பை முழுதும் காலியாவதைக் கெடுக்கும்.

தொழுகையே இதற்குப் பயிற்சி என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். சகோதரர்களே, தொழுகை இபாதத்து. அதை மருந்துக் கடையில் வைத்து விற்க வேண்டாம். தொழுகைக்குத் தொழுகை, பயிற்சிக்குப் பயிற்சி.

இரண்டாவது உபாதையாகிய பின்சொட்டுக்கு நம் பிக்ஹுப் பாடத்திலேயே ஒரு வழி இருக்கிறது. மூத்திரம் போனபின் செருமுவது, சில அடி நடப்பது, பின்னிருந்து முன்னாக நீவிவிடுவது என்று இஸ்திப்ராவைப் பற்றி மதரஸாவில் ஓதியிருக்கிறோம். இன்று பிசியோதெரபிக்காரர் சொல்வதும் ஏறக்குறைய அதுவே. போய் முடித்ததும் அந்தத் தசையைப் பலமாக ஒரு முறை இறுக்கு. பிறகு விதைப்பைக்குப் பின்னால் விரலை வைத்து மெல்ல முன்னே நீவு என்கிறார். பாதையின் வளைவில் தங்கிய மூத்திரம் வெளியே வந்துவிடும். மூத்திரத்தில் கவனமில்லாதவர் கப்ரில் வேதனை செய்யப்பட்ட ஹதீதை நாம் அறிவோம். அதே சமயம், வஸ்வாஸுக்கு இடம் கொடுத்துக் கால்மணி நேரம் கழிப்பறையில் நிற்பதையும் இமாம்கள் கண்டித்திருக்கிறார்கள். கவனம் வேண்டும்; சந்தேகப் பேய் வேண்டாம்.

"இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று வியாபாரி கணக்குக் கேட்பான். கேட்பது நியாயம். இந்தப் பயிற்சியை 1948-ல் அமெரிக்க வைத்தியர் ஆர்னால்ட் கீகல் பெண்களுக்காக எழுதி வெளியிட்டார். பிறகு ஆண்களுக்கும் வந்தது. பெல்ஜியம் நாட்டு லூவன் நகரில், புரோஸ்டேட் சுரப்பியை முழுதும் எடுத்த 102 பேரிடம் சோதித்து 2000-ல் முடிவை வெளியிட்டார்கள். மூன்று மாதத்தில், பயிற்சி பெற்றவர்களில் நூற்றுக்கு 88 பேருக்கு ஒழுக்கு நின்றிருந்தது. பெறாதவர்களில் 56 பேருக்கே நின்றிருந்தது. தாம்பத்தியப் பலக்குறைவுக்கு இங்கிலாந்தில் கிரேஸ் டோரி என்ற பிசியோதெரபி அம்மையார் 55 ஆண்களுக்குக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார். ஆறு மாதத்தில் நூற்றுக்கு 40 பேர் பழைய நிலைக்கு வந்தார்கள்; 35 பேருக்கு ஓரளவு குணம் தெரிந்தது. மீதிப் பேருக்குப் பயனில்லை.

தராசின் மறு தட்டையும் காட்ட வேண்டும். பிரிட்டனில் நடந்த பெரிய ஆராய்ச்சி ஒன்றின் முடிவு 2011-ல் வந்தது. ஆபரேஷன் ஆனவர்களுக்குத் தனித்தனியே நான்கு முறை கற்றுக்கொடுத்தும், வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களைவிட ஒரு வருஷ முடிவில் அதிகப் பலன் காணவில்லை என்றார்கள். ஆகவே இது கராமத் அல்ல. பலருக்கு ஆபரேஷனுக்குப் பின் மாதங்கள் செல்லச் செல்லத் தானாகவே குறையும். பயிற்சி அதைச் சீக்கிரமாக்க உதவும். எல்லோருக்கும் ஒரே மாதிரி அல்ல.

இன்னொரு எச்சரிக்கை மிக முக்கியம். மூன்றாவது சொன்ன வலி உபாதையில், பல பேருக்குத் தசை தளர்ந்திருப்பதில்லை, இறுகிப்போய் இருக்கிறது. அவர் மேலும் மேலும் இறுக்கினால் வலி கூடும். அவருக்கு வேண்டியது தளர்த்தும் பயிற்சி: வயிற்றால் ஆழ மூச்சு விடுவது, இடுப்பையும் தொடையையும் நீட்டி இளக்குவது, பிடித்துக்கொண்ட இடத்தைப் பயின்றவர் கையால் இளக்குவது. அதனால்தான் இந்த ஏட்டைப் படித்துவிட்டு எல்லோரும் நாளை முதல் இறுக்க ஆரம்பிக்க வேண்டாம் என்கிறோம். முதலில் பரிசோதனை. மூத்திரத்தில் இரத்தம், காய்ச்சல், அடியோடு மூத்திரம் போகாமை, ஆசனப் பகுதி மரத்துப்போதல், காரணமின்றி மெலிதல் இவற்றில் ஒன்று இருந்தால் பயிற்சியைப் பற்றிப் பேசாமல் உடனே டாக்டரிடம் போக வேண்டும். இந்நாட்டு ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் புரோஸ்டேட் புற்றுநோய் மூன்றாம் இடத்தில் இருக்கிறது. பலக்குறைவும் சில சமயம் இருதய நோயின் முன்னறிவிப்பாக வருவதுண்டு.

எங்கே போவது? பிரஜைகளுக்கு அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் ஒரு வெள்ளிதான் கட்டணம். அங்கே காட்டிக் கடிதம் வாங்கினால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். கிள்ளானில் தெங்கு அம்புவான் ரஹிமா ஆஸ்பத்திரி, கோலாலம்பூரில் பொது ஆஸ்பத்திரி, மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம் முதலியவற்றில் பிசியோதெரபிப் பகுதி உண்டு. எல்லாப் பிசியோதெரபிக்காரரும் இந்தக் கீழ்த்தசை வைத்தியத்தில் தேர்ந்தவர் அல்லர், "இதில் பயின்றவர் யார்?" என்று கேட்க வேண்டும். 2016-ஆம் வருஷச் சட்டப்படி இந்நாட்டில் பிசியோதெரபிக்காரர்கள் பதிவு பெற வேண்டியவர்கள். பதிவு உண்டா என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல.

பிசியோதெரபி என்றால் உருவிவிடுவதுதானே என்று நினைப்போர் உண்டு. பிரிக்ஃபீல்ட்ஸில் கண் தெரியாத சகோதரர்கள் கைத்திறமையால் கண்ணியமாக உருவிவிட்டு ஹலாலாகச் சம்பாதிக்கிறார்கள். முதுகு வலிக்கும் கழுத்துப் பிடிப்புக்கும் அவர்களிடம் போகலாம். இந்த உபாதைக்கு அவர்கள் இடமல்ல. அவர்களே அதைச் சொல்வார்கள். "உருட் பாத்தின்" என்று ஆண்மைக்கு உருவிவிடுவதாக விளம்பரம் செய்யும் மறைவிடங்களுக்குப் போகும் முன்போ, நம் அவ்ரத்தை யார் கையில் ஒப்படைக்கிறோம் என்று ஆயிரம் முறை யோசிக்க வேண்டும். இங்கிலாந்திலும் இதே தொல்லை இருந்தது. உருவிவிடும் தொழிலுக்குக் கெட்ட பெயர் வந்தபோது, 1894-ல் நான்கு நர்ஸுகள் சேர்ந்து முறையாகப் பயின்றவர்களுக்கென்று ஒரு சங்கம் வைத்தார்கள். இன்றைய பிசியோதெரபி சங்கம் அதிலிருந்து வளர்ந்ததே.

அவ்ரத்தைக் காட்டலாமா என்று கேட்பீர்கள். வைத்தியத்தின் அவசியத்துக்கு, அவசியமான அளவுக்குக் கூடும் என்பதே சட்டம். ஆணுக்கு ஆண் கிடைத்தால் அதுவே முறை, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். பல சமயம் உடுப்பைக் களையாமல் வாயால் சொல்லியே கற்றுத் தருவார்கள். வயிற்றின் மேல் ஸ்கேன் வைத்துத் தசை அசைவதைத் திரையில் காட்டுவதும் உண்டு. உள்ளே விரலால் பரிசோதிக்க வேண்டுமென்றால் நம் சம்மதம் கேட்பார்கள். மறுக்க நமக்கு உரிமையுண்டு. சின்ன வயதில் சுன்னத்துக் கல்யாணம் என்று ஊரையே அழைத்து, பந்தல் போட்டு, பிரியாணி ஆக்கியவர்கள் நாம். அந்த உறுப்புக்கு அறுபது வயதில் நோய் வந்தால் ஒரு டாக்டரிடம் சொல்ல நா எழவில்லை என்றால் விந்தையல்லவா?

இனி, கல்லாப்பெட்டி. மஸ்ஜித் இந்தியா வீதியில் பாய் விரித்து, தொங்காட் அலி வேரும் அட்டை எண்ணெயும் வைத்து, கூட்டம் கூட்டி விற்பதைப் பார்த்திருக்கிறோம். சில கடைகளில் ஆண்மைக்கென்று காப்பிப் பொட்டலம் கல்லாவின் பக்கத்திலேயே தொங்குகிறது. "மூலிகை, பக்கவிளைவில்லை" என்று அதில் அச்சடித்திருக்கிறது. ஆனால் அரசாங்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா இப்படிப்பட்டவற்றைப் பரிசோதித்து, சில்டெனாபில், தாடலாபில் என்ற ஆங்கில மருந்துகளை இரகசியமாகக் கலந்திருப்பதைப் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. நெஞ்சு வலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடும் ஒருவர் அதைக் குடித்தால் இரத்த அழுத்தம் சடாரென்று இறங்கி உயிருக்கே ஆபத்து. வெட்கப்பட்டு டாக்டரிடம் போகாத மனிதர்தான் இந்தப் பொட்டலத்தின் வாடிக்கைக்காரர். அவருடைய வெட்கத்தில் நமக்கு இலாபம்! மருந்தென்று விற்கும் சாமானில் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் முத்திரையும் இல்லையென்றால், அதை விற்பது சட்டப்படி குற்றம். உள்ளே இருப்பதை மறைத்து விற்பது மார்க்கப்படி மோசடி. தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டு ஈரத்தைக் கண்டுபிடித்த சம்பவத்தை நாம் அறியாதவர்களா? பொட்டலத்துக்குள்ளும் கையை விட்டுப் பார்க்க வேண்டாமா?

கடைசியாக, நம்மிடம் வேலை செய்யும் பிள்ளைகள். இராமநாதபுரத்திலிருந்தும் தென்காசிப் பக்கத்திலிருந்தும் வந்து, சாப்பாட்டுக் கடைகளில் இரவும் பகலும் நிற்கிறார்கள். மூத்திரம் போக இடம் விட்டால் முதலாளி கோபிப்பார் என்று அடக்குகிறார்கள். நோய் என்று சொன்னால் ஊருக்கு அனுப்பிவிடுவார் என்று மறைக்கிறார்கள். வெளிநாட்டவர்க்கு ஆஸ்பத்திரிக் கட்டணமும் அதிகம். "தம்பி, போய்ட்டு வா, நான் பாத்துக்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்ல நமக்கு என்ன செலவு? பாரத்தைத் தனியே தூக்கவிடாமல் இரண்டு பேராகத் தூக்கச் சொன்னால் என்ன நஷ்டம்? அவர்கள் நம் பொறுப்பில் உள்ளவர்கள். மஹ்ஷரில் கேள்வி உண்டு.

முன் சொன்ன பெரியவருக்கு ஹஜ்ரத் ஒருவர் சட்டத்தைச் சொல்லித் தந்தார். பிசியோதெரபிப் பிள்ளை ஒருவர் பயிற்சி சொல்லித் தந்தார். மூன்று மாதம் விடாமல் செய்தார். முழுவதும் நின்றுவிட்டது என்று நாம் பொய் சொல்ல மாட்டோம். பாரம் தூக்கினால் இன்னும் ஓரிரு சொட்டு உண்டு. பட்டை வைத்துக்கொண்டு ஜும்ஆவுக்கு வருகிறார். அது போதும்.

சங்கத்தாருக்கு நம் யோசனை ஒன்று. வருஷத்துக்கு ஒரு நாள், இஷாவுக்குப் பிறகு, ஆண்களுக்கு மட்டும் ஒரு கூட்டம் வைக்கலாம். ஒரு பக்கம் ஆலிம், ஒரு பக்கம் டாக்டர், ஒரு பக்கம் பிசியோதெரபிக்காரர். கேள்வியைப் பேரில்லாமல் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடட்டும். அலீ (ரலி) அவர்களுக்கு மிக்தாத் (ரலி) அவர்கள் இருந்ததுபோல, வெட்கப்படுபவர்களுக்கு அந்தச் சீட்டு இருக்கும்.

உங்கள் ஸஃப்பில் வழக்கமாக நின்றவர் யாரேனும் சில வாரமாக வரவில்லையா? தொழுகை முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போய், தனியே உட்கார்ந்து, மெதுவாகக் கேளுங்கள்.

யா அல்லாஹ், எங்கள் தேகங்களில் ஆபியத்தைத் தருவாயாக. நோயுற்றோருக்கு ஷிபாவையும், கேட்கக் கூசுவோருக்குக் கேட்கும் தைரியத்தையும், கேட்கப்படுவோருக்கு இரகசியம் காக்கும் குணத்தையும் அருள்வாயாக. எங்கள் வியாபாரத்தை ஹலாலில் நிலைநிறுத்துவாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.